பிள்ளைக்கு ஏற்ற துப்பாக்கி

ஒரு மாணவன் முதல் முறையாகத் துப்பாக்கி சுடப் போகிறான். தேசிய மாணவர் படையின் முகாம் அது. தரையில் குப்புறப் படுக்கிறான். கையில் ரைபிளைக் கொடுக்கிறார்கள். "சுடு" என்கிறார்கள். ஐந்து தோட்டா தீர்ந்துவிடுகிறது. இலக்கு அட்டையைப் போய்ப் பார்த்தால் அதில் ஓர் ஓட்டைகூட இல்லை!

"உனக்குக் கை நடுங்குகிறது" என்கிறார் ஒருவர். "கண் சரியில்லை" என்கிறார் மற்றொருவர். பையனும் அதை நம்பிவிடுகிறான். வீட்டுக்கு வந்து, "எனக்கு அதெல்லாம் வராது அம்மா" என்கிறான். அதோடு அவன் ஆசை முடிந்துபோகிறது.

தவறு அவனுடையதுதானா? துப்பாக்கி அவன் தோளுக்கு நீளமாக இருந்திருக்கலாம். முன்பு சுட்ட யாரோ ஒருவர் தமக்கு ஏற்றபடி குறியைத் திருப்பி வைத்திருக்கலாம். குழலையும் மரக்கட்டையையும் பிணைக்கும் திருகாணி கழன்று ஆடியிருக்கலாம். இவற்றை யாரும் பார்க்கவில்லை. பையனை மட்டும்தான் பார்த்தார்கள்.

பள்ளிச் சீருடை தைக்க அளவு எடுக்கிறார்கள். செருப்பு வாங்கினால் நாலு ஜோடி போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். துப்பாக்கிக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு! இது சரியல்ல. முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன்பே, பிள்ளைக்கு ஏற்றபடி துப்பாக்கியைச் சரிசெய்ய வேண்டும். பயிற்சியின் முதல் பாடமே அதுதான்.

சின்னத் துப்பாக்கி ஏன்?

புதிதாகக் கற்பவர்களுக்கு .22 ரைபிளைக் கொடுக்கிறார்கள். "பாயிண்ட் டூ டூ" என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். அதன் குழலின் உள் அகலம் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் 22 பங்கு. அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். குண்டு ஈயத்தால் ஆனது. எடை சுமார் 2.6 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர் வேகத்தில் போகும். இன்று உலகம் முழுவதும் பயன்படும் இந்த நீளவகைத் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் வந்தது.

பெரிய ரைபிளை ஏன் கொடுப்பதில்லை? ஆங்கிலேயர் காலத்து .303 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு இதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கனம். வேகமும் இரண்டு மடங்குக்கு மேல். சுட்டவுடன் தோளில் இடி விழும். இரண்டு தடவை இடி வாங்கிய பிள்ளை, மூன்றாம் தடவை விசையைத் தொடும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்ளும். தோளைச் சுருக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. .22 ரைபிளில் அந்தத் தொல்லை இல்லை. சத்தமும் குறைவு, தோட்டாச் செலவும் குறைவு. ராணுவங்களும் ஒரு காலத்தில் பெரிய ரைபிளையே .22 தோட்டா போடும்படி மாற்றி, புதிய வீரர்களைப் பழக்கின.

சின்னத் துப்பாக்கி என்றால் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடக் கூடாது. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் மராட்டிய வீரர் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வாங்கினார். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி அது. அதில் பயன்படுவதும் இந்த .22 தோட்டாதான். பத்துப் புள்ளி கிடைக்கும் நடுவட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு! அதை 50 மீட்டர் தூரத்தில் அடிக்க வேண்டும்.

2008-ல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்று ரைபிளில். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் அதில்தான். இத்தகைய வீரர்களின் ரைபிள்களைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்கட்டை நீளும், குறுகும். கன்னம் வைக்கும் பலகை உயரும், தாழும். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. உலகை வென்றவர்களுக்கே இத்தனை அளவு பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வரும் பிள்ளைக்கு ஓர் அளவும் பார்ப்பதில்லை. வேடிக்கை அல்லவா?

முழங்கை சொல்லும் அளவு

முதலில் பின்கட்டையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். தோளில் பதியும் முனையிலிருந்து விசை வரை உள்ள தூரம் அது. பெரியவர்களுக்கான ரைபிளில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அதிகம்.

அளவு பார்க்க நாடா வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளையின் முழங்கையை மடக்கச் சொல்லி, பின்கட்டையின் முனையை அந்த மடிப்பில் வைக்க வேண்டும். முன்கை கட்டையை ஒட்டி நீளும். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் அளவு சரி. விரல் எட்டாவிட்டால் கட்டை நீளம்.

நீளமான கட்டையை வைத்துச் சுடும் பிள்ளையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்தை நீட்டும். தோளை முன்னால் தள்ளும். விசையை எட்டிப் பிடிப்பதற்காகக் கையைத் திருப்பும். நின்று சுட்டால் உடம்பைப் பின்னால் வளைக்கும். இத்தனை கோணல்களையும் தாங்கிக்கொண்டு எப்படிக் குறி பார்க்க முடியும்?

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அந்த .303 ரைபிளுக்கே நான்கு அளவுகளில் பின்கட்டை செய்தார்கள். நீளம், சாதாரணம், குட்டை, அதைவிடக் குட்டை. ஒன்றுக்கு ஒன்று அரை அங்குல வித்தியாசம். எல்லாவற்றிலும் குட்டையானதற்கு "பாண்டம்" என்று பெயர். பாண்டம் என்பது சிறு ஜாதிக் கோழி. போர்க்களத்துக்குப் போன வீரனுக்கே ஆளைப் பார்த்துக் கட்டை கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவிக்குக் கொடுக்கக் கூடாதா?

கட்டையை நீட்டுவது எளிது. பின்முனையில் மரத்துண்டோ ரப்பர்த் துண்டோ வைத்துத் திருகாணி போட்டால் போதும். குறைப்பதுதான் கஷ்டம். ஆகையால் பயிற்சி நிலையங்கள் குட்டைக் கட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகளுக்குத் துண்டு சேர்த்துக் கொடுப்பதே நல்லது. இப்போது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

கன்னமும் முக்கியம். கட்டையின் மேல் கன்னத்தை இயல்பாகச் சாய்த்தவுடன் கண் நேராகக் குறிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். தலையைத் தூக்கித் தேடினால் கட்டை தாழ்வு என்று அர்த்தம். கம்பளித் துணியை மடித்துக் கட்டையின் மேல் ஒட்டு நாடாவால் சுற்றினால் உயர்ந்துவிடும். காசு செலவில்லாத வேலை.

எந்தக் கண்?

எல்லாருக்கும் இரண்டு கண்களில் ஒன்று மேலோங்கி நிற்கும். வலது கைக்காரருக்கு இடது கண் மேலோங்கி இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை வலது தோளில் வைத்து இரு கண்ணையும் திறந்து சுட்டால், குண்டு எங்கோ போகும். காரணம் தெரியாமல் பிள்ளை திகைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து, நடுவில் சிறு சந்து விடச் சொல்லுங்கள். அந்தச் சந்து வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ, அதுதான் மேலோங்கிய கண். அது இடது கண்ணாக இருந்தால், இடது தோளில் சுடப் பழக்கலாம். அது வராவிட்டால் கண்ணாடியின் இடது பக்கத்தில் சிறு காகிதம் ஒட்டி மறைக்கலாம்.

துப்பாக்கியில் குறி பார்க்க முன் சைட், பின் சைட் என்று இரண்டு உண்டு. குழலின் நுனியில் நிற்பது முன் சைட். கண்ணுக்கு அருகே இருப்பது பின் சைட். பின் சைட்டில் இரண்டு வகை. ஒன்றில் சிறு பள்ளம் இருக்கும். மற்றதில் வட்டத் துளை இருக்கும். தொடக்கத்தில் துளை வைத்ததே மேல். துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். டெலஸ்கோப் மாட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பிறகு போதும். அதில் இலக்கு பெரிதாகத் தெரியும்போது கையின் ஆட்டமும் பெரிதாகத் தெரிந்து பிள்ளையைக் கலங்க வைக்கும்.

பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. முன் சைட் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் இதற்கு நேர் மாறாகச் செய்வார்கள். இலக்கையே வெறித்துப் பார்ப்பார்கள். அதைத் திருத்த வேண்டியது ஆசிரியர்.

விசை அதிகக் கடினமாக இருக்கக் கூடாது. இழுக்கும் முயற்சியில் துப்பாக்கியே திரும்பிவிடும். தொட்டாலே வெடிக்கும்படி லேசாகவும் இருக்கக் கூடாது. அது ஆபத்து. ஒன்றரைக் கிலோ இழுப்பு தொடக்கத்துக்குப் போதும். இதைத் திருத்துவது துப்பாக்கி பழுது பார்க்கத் தெரிந்தவரின் வேலை. வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

துப்பாக்கியில் தொங்கும் தோல்வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய உபயோகம் வேறு. படுத்துச் சுடும்போது அதை இடது மேற்கையில் சுற்றி இழுத்துக் கட்டினால், துப்பாக்கியின் பாரத்தை வாரும் எலும்பும் தாங்கும். தசைக்கு வேலை இல்லை. நடுக்கம் பாதி குறையும். முதல் நாள் மட்டும் மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுட்டால் போதும்.

தராசு முள் நடுவில் நிற்கிறதா?

வியாபாரி கடை திறந்ததும் வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பார். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாமான் நிறுப்பார். துப்பாக்கிக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. குறி வைத்த இடத்தில்தான் குண்டு படுகிறதா என்று பார்ப்பது. இதை "ஜீரோ செய்வது" என்பார்கள்.

முதலில் திருகாணிகளை எல்லாம் முடுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு, சுடத் தெரிந்த ஒருவர் மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்து, 25 மீட்டர் தூரத்தில் ஒரே புள்ளியைக் குறி வைத்து ஐந்து தோட்டா சுட வேண்டும். ஐந்தையும் சுட்ட பிறகுதான் அட்டையைப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஓட்டைகளும் ஒரே இடத்தில் நெருக்கமாக, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய அளவில் இருக்கின்றன. ஆனால் புள்ளிக்கு இடது பக்கம் தள்ளி இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம்? சுட்டவர் கெட்டிக்காரர், சைட்தான் தவறு. பின் சைட்டைத் திருத்தினால் போதும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டை நகர்த்துவதாக இருந்தால் எதிர்ப் பக்கம்.

எவ்வளவு நகர்த்துவது? இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் சைட்டை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் 25 மீட்டரில் குண்டு சுமார் 4 சென்டிமீட்டர் நகரும். நகத்தின் கனம் அளவுக்குத் திருப்பினாலே எவ்வளவு வித்தியாசம்! முன்பு சுட்டவர் சைட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனால், அடுத்த பிள்ளை அட்டையையே தவறவிடுவதில் ஆச்சரியம் என்ன?

ஐந்து ஓட்டைகளும் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடவே கூடாது. திருகாணி ஆடுகிறதா, தோட்டா வகை மாறியதா, சுட்டவர் மூச்சை அடக்கினாரா, விசையை வெடுக்கென்று இழுத்தாரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை சைட்டைத் திருப்புகிறவர்கள் உண்டு. அது நீர்மேல் எழுதுவது போலத்தான்.

தோட்டாவையும் அடிக்கடி மாற்றக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு வகைத் தோட்டா ஒத்துப்போகும். அதையே தொடர்ந்து வாங்க வேண்டும். தூரம் மாறினாலும் மறுபடி திருத்த வேண்டும். இந்தக் குண்டு 25 மீட்டர் போவதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. 50 மீட்டர் போவதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. தூரம் இரண்டு மடங்கு, இறக்கம் நான்கு மடங்கு.

பிள்ளைகள் சுடத் தொடங்கிய பிறகும் இதே கணக்குத்தான். நடுவில் பட்டதா என்று பார்த்து மதிப்பெண் போடுவதை முதல் மாதம் நிறுத்தி வைக்கலாம். ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று மட்டும் அளக்கலாம். மூலையில் நெருக்கமாக ஐந்து ஓட்டை போட்ட பிள்ளை, நடுவில் ஒன்றும் சுற்றிலும் நான்குமாகப் போட்ட பிள்ளையைவிட நன்றாகச் சுடுகிறது. இது தெரியாமல், தவறான பிள்ளைக்குக் கைதட்டுகிறார்கள்.

தோட்டா போடாமல் விசையை இழுத்துப் பழகுவதும் நல்ல பயிற்சி. குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கச் சொல்லலாம். ஆனால் .22 ரைபிளில் ஓர் எச்சரிக்கை. இந்தத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்ற வைக்கும் பொருள் விளிம்பில் இருக்கிறது. அதனால் துப்பாக்கியின் ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், பல ரைபிள்களில் ஊசி இரும்பின் மேல் இடித்து இரண்டும் கெடும். இதற்கென்று விற்கும் போலித் தோட்டாவைப் போட்டுப் பழக வேண்டும்.

ஒரு மைல் போகும் குண்டு

சின்னக் குண்டுதானே என்று அலட்சியம் கூடாது. மேல் நோக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு மேலும் போகும். ஆளைக் கொல்லும். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இல்லாத இடத்தில் பயிற்சியே நடத்தக் கூடாது. குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். தோட்டா வெடிக்காமல் போனால் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ஈயம் கையில் ஒட்டும். சுட்ட கையோடு சோற்றில் கை வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல வேண்டும்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிற்சிக்காகச் சுடுவதற்கு மட்டும் அந்தச் சட்டமே நிபந்தனைகளோடு வழி விட்டிருக்கிறது. ஆகவே துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பழகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பழகுவது முகாமிலும் சங்கத்திலும் மட்டும்தான்.

தேசிய மாணவர் படை 1948-ல் தொடங்கியது. மறு ஆண்டே மாணவிகளுக்கும் பிரிவு வந்துவிட்டது. ஆனால் பல முகாம்களில் துப்பாக்கி இன்னும் வளர்ந்த ஆணின் அளவில்தான் இருக்கிறது. தோட்டா கொஞ்சம், பிள்ளைகள் அதிகம், நேரம் குறைவு என்று பொறுப்பாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். தோட்டா கொஞ்சம் என்பதால்தான் அதை வீணாக்கக் கூடாது. சரிசெய்யாத துப்பாக்கியில் போடும் ஐந்து தோட்டாவும் மண்ணுக்குப் போகிற தோட்டாதான். முதல் நாள் காலையை அளவு பார்ப்பதற்கு ஒதுக்கினால், மறுநாள் முதல் ஒவ்வொரு தோட்டாவும் பாடம் சொல்லும்.

பெற்றோரும் கேட்கலாம். "என் பெண்ணுக்குக் கட்டை அளவு பார்த்தீர்களா? எந்தக் கண் என்று பார்த்தீர்களா? இந்தத் துப்பாக்கியை எப்போது ஜீரோ செய்தீர்கள்?" மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போட்டு வைக்கலாம். பெயர், துப்பாக்கி எண், கட்டை குட்டையா நீளமா, வலக் கண்ணா இடக் கண்ணா, வாரில் எத்தனையாவது துளை, பின் சைட் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இவ்வளவுதான். அடுத்த முகாமுக்கு வரும்போது பிள்ளை அந்த அட்டையோடு வரட்டும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்துத் தானே அதைச் சரிசெய்துகொள்ளட்டும். பிறகு படுத்துச் சுடட்டும்.